நாக்குக்குத் தெரியாத தண்ணீர்

மதுரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீருக்கு இரண்டு பெயர் இருக்கும். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். கார்ப்பரேஷன் குழாயில் வருவது நல்ல தண்ணீர். ஆழ்துளைக் கிணறான போரில் மோட்டார் போட்டு ஏற்றுவது உப்புத் தண்ணீர். முதலாவது குடிக்கவும் உலை வைக்கவும். இரண்டாவது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. புது வீட்டுக்குக் குடிபோகும்போதெல்லாம் என் அம்மா முதலில் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். "இதுல பருப்பு வேகுமா?" என்பது அடுத்த கேள்வி. இரண்டுமே நல்ல சோதனைகள்தான். உப்பையும் கடினத்தன்மையையும் அவை சரியாகக் கண்டுபிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், நம்மில் பெரும்பாலோர் சோதனையை அங்கேயே முடித்துக்கொள்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரே மாதத்துக்குள் நான்கைந்து வீடுகளில் மஞ்சள் காமாலை வந்தது. யாரும் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை. தெளிவாக இருந்தது, தித்திப்பாக இருந்தது. ஒருவர் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைச் சொன்னார், இன்னொருவர் தள்ளுவண்டிக் கரும்புச்சாற்றைச் சொன்னார். கடைசியில் தெரு முனையில் தோண்டிப் பார்த்தபோது, சாக்கடை ஓடும் வாறுகாலுக்குள்ளேயே படுத்திருந்த ஒரு வீட்டு இணைப்புக் குழாய் மூட்டில் விட்டுப்போயிருந்தது. தண்ணீரால் பரவும் காமாலைக்கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகும். டைபாய்டுக்கும் வாரக்கணக்கு உண்டு. அதனால்தான் போன மாதம் குடித்த தண்ணீரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நமக்கு வரும் தண்ணீரின் பயணம் நீளமானது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடவேண்டிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாறு அணை, பென்னிகுயிக் காலத்தில், 1895-இல் முடிந்தது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. 71 அடி என்ற அதன் முழு அளவை மதுரைக்காரர்கள் தங்கத்தின் விலையைப் போல விசாரிப்பார்கள். அணைத் தண்ணீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே நகரத்துக்கு வருகிறது. இதோடு கோச்சடை, மேலக்கால், மணலூர் பக்கம் வைகை மணலில் இறக்கிய உறைகிணறுகளும் உண்டு. பெரியாற்றுத் தண்ணீர் மலையிறங்கும் லோயர் கேம்ப்பிலிருந்து நேரடியாகக் குழாயில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரவும் திட்டம் வகுத்து வேலை நடந்திருக்கிறது. 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி எல்லாம் மாநகராட்சிக்குள் சேர்ந்து 72 வார்டு 100 வார்டு ஆனபிறகு, இவ்வளவும் தேவைப்படத்தான் செய்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீரில் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கலங்கலைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். தண்ணீர் கெடுவது அதற்கப்புறம், நம் வீட்டை நெருங்க நெருங்க.

காரணம், குழாயில் எப்போதும் தண்ணீர் இருப்பதில்லை. பல தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் காலத்தில் இன்னும் தள்ளி, அதுவும் ஒன்றிரண்டு மணி நேரம். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். மூட்டில் சின்ன ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். வால்வை மூடியதும் உள்ளே அழுத்தம் போய்விடுகிறது. பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் மிச்சத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் குழாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகிறது. அப்போது வெளியே என்ன நிற்கிறதோ அது ஓட்டை வழியே உள்ளே போகும். எங்கள் தெருவில் வெளியே நின்றது வாறுகால். இதில் தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சட்டப்படி தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வராமல் போவதை மட்டும்தான் அதன் கெடுதலாக நினைக்கிறோம். அந்த மோட்டார் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது, இழுத்தவர் வீட்டுக்கும்தான் அது போகிறது.

கர்நாடகத்தில் ஹூப்ளி-தார்வாடில் ஒரே நகரத்தின் சில பகுதிகளுக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது, மற்றப் பகுதிகளுக்கு விட்டு விட்டு வந்தது. ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். விட்டு விட்டு வந்த பகுதியில் ஏறக்குறைய மூன்று மாதிரிக்கு ஒன்றில் மலக்கிருமியான ஈ கோலை இருந்தது. எப்போதும் வந்த பகுதியில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஊரும் ஆறும் ஒன்றுதான். வித்தியாசம் குழாய் காலியாகக் கிடந்த நேரத்தில் இருந்தது.

ஆகவே தண்ணீர் திறந்துவிடும் நாளில் முதலில் வருவதைக் குடத்தில் பிடிக்காதீர்கள். காலிக் குழாயில் சேர்ந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு வருவது அந்த முதல் ஓட்டம்தான். இரண்டு வாளி பிடித்துச் செடிக்கோ வாசலுக்கோ ஊற்றிவிட்டு, தெளிந்தபிறகு தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்குத் திருப்பலாம். தண்ணீர் அரிதாக வரும் ஊரில் இரண்டு வாளியை ஊற்ற மனசு வராது, எனக்கும் வராது. ஆனாலும் அதைச் செய்கிறேன்.

குளோரின் விஷயத்திலும் நாக்கு நம்மைத் தவறான பக்கம்தான் தள்ளுகிறது. "இன்னைக்குத் தண்ணியில ஒரே பிளீச்சிங் வாடை" என்று முகம் சுளிக்கிறோம். அந்த வாடைதான் காவல். இந்தியத் தரநிலைப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அப்படி மிஞ்சியிருந்தால், வழியில் கொஞ்சம் கிருமி சேர்ந்தாலும் அதைக் கொன்றுவிடும். வாடையே இல்லாத நாளில்தான் கவலைப்பட வேண்டும். வாடை பிடிக்கவில்லையா, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வையுங்கள், போய்விடும். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடி சின்டெக்ஸில் அது தானாகவே சீக்கிரம் பறந்துவிடுகிறது. மாடித் தொட்டியில் நாள்கணக்கில் கிடந்த தண்ணீருக்குக் காவல் இல்லை என்று பொருள்.

உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர்கள் செய்துகாட்டும் வித்தை ஒன்று உண்டு. பார்த்திருப்பீர்கள். ஒரு டம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்களுடைய தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நம் டம்ளர் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பிப்போய், பார்க்கவே குமட்டும். அவர்களுடையது கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கும். இதைப் பார்த்துப் பயந்து மறுநாளே மெஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அந்தக் குழம்பு தண்ணீரிலிருந்து வரவில்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு அரித்துக் கரையும். அந்தத் துருவைத்தான் அழுக்கு என்று காட்டுகிறார்கள். உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பி கரையாது. அந்தச் சுத்தமான டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் குழம்பும்.

டி.டி.எஸ். மீட்டரும் அளப்பது இதே மின்கடத்தலைத்தான். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது சொல்லும். அந்த உப்பு சுண்ணாம்பா, ஃபுளோரைடா, கிருமி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் எண் காட்டும். நல்ல ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு சாக்கடை கலந்தால் எண் ஏறியது கண்ணுக்கே தெரியாது. டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. ஈ கோலைக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. 100 மில்லி மாதிரியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. மீட்டர் எண்ணை வைத்துத் தண்ணீரை மதிப்பிடுவது, அம்மா நாக்கில் விட்டுப் பார்த்ததற்கு பேட்டரி போட்ட வடிவம்தான்.

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராமத்தில் போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிறவர்களுக்கு அது தேவைப்படலாம். மதுரையைச் சுற்றிப் பாறை நிலம். பாறைக்குள் நெடுநாள் கிடந்த தண்ணீரில் சில இடங்களில் ஃபுளோரைடு கரைந்து ஏறிவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு மிகவும் கூடி வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இதற்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை, காய்ச்சினாலும் போகாது. அங்கே ஆர்.ஓ. பயன்படும். அணைத் தண்ணீர் வரும் வீட்டில் பயம் கிருமி மட்டும்தான் என்றால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் வேலை முடிந்தது. வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். வைகை வறண்டு கிடக்கும் சித்திரை மாதத்தில் அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கேன் தண்ணீரில் என் கவலை வேறு. 20 லிட்டர் கேனுக்குள் இருப்பதில் குளோரின் இருக்காது, வடிகட்டும்போதே அது போய்விடும். காவல் இல்லாத தண்ணீரை நாம் நடுவாசல் வெயிலில் இறக்கிவைக்கிறோம், பிறகு பாத்திரத்தில் கவிழ்த்து சொம்பை முக்கி எடுக்கிறோம். முக்குகிற கையிலிருந்து கிருமி போக அந்த ஒரு நொடி போதும். திருகுக் குழாய் வைத்த பானையோ எவர்சில்வர் டிரம்மோ இருந்தால் இந்த ஆபத்து பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாட்டில் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் 2024 இறுதியில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்திருக்கிறது. உரிம எண், நிரப்பிய தேதி, உடையாத சீல் இந்த மூன்றும் இல்லாத கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புறநகர் மனைகளின் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று சென்ட் என்றால் ஏறக்குறைய 1,300 சதுர அடி. அகலம் 26 என்றால் நீளம் 50. செப்டிக் டேங்குக்கும் போருக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறத்தாழ 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். முன்மூலையில் ஒன்று, பின்மூலையில் ஒன்று என்று வைத்தாலும் ஒட்டி ஒட்டித்தான் வரும். அப்படி வைத்தாலும் நம் போருக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இருக்கும். அடியில் சிமெண்ட் போடாமல் உறை மட்டும் இறக்கி, "நிறையவே நிறையாது சார்" என்று கொத்தனார் பெருமையாகச் சொல்லும் டேங்க் எதுவோ, அது நிறையாததற்குக் காரணம் நிலத்தடிக்குப் போய்க்கொண்டிருப்பதுதான். பாதாளச் சாக்கடை வராத பகுதிகளில் தெரு முழுவதும் இப்படித்தான்.

அப்படிச் சேர்வதில் கிருமியோடு நைட்ரேட்டும் உண்டு. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உடம்பு நீலம் பாயும். காய்ச்சினால் தண்ணீர் வற்றி நைட்ரேட் இன்னும் கூடத்தான் செய்யும். குழந்தைக்கு என்றாலே காய்ச்சிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, இந்த ஒரு இடத்தில் அது உதவாது. போர் தண்ணீர் குடிக்கிற வீடு என்றால் ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் சோதித்துக் கொடுப்பார்கள். கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். வீட்டு பாட்டிலில் கொண்டுபோனால் பாட்டிலில் இருக்கும் கிருமியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, விட்டு விட்டுத் தண்ணீர் வருவதால்தான் நாம் சேர்த்து வைக்கிறோம். சேர்த்து வைப்பதற்காக வீட்டுக்குள் கொண்டுவந்தவை சம்ப், மோட்டார், மாடித் தொட்டி, டிரம், ஹீட்டர். தண்ணீரின் தரத்தைப் பற்றிப் பேசும் யாரும் இவற்றைப் பேசுவதில்லை. என்னைப் பொறுத்தவரை இவை தனித்தனி விஷயங்கள் இல்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் சுத்தமான சேமிப்புத் தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறார்கள். டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நார் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, திரும்ப நனைந்ததும் பொரிக்கும்.

சம்ப்பில் குளோரின் போட நினைப்பவர்களுக்கு: 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், மட்டமாக ஒரு டீஸ்பூன். அதை மக்கில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். நாள்பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது. பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்புக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் யாரும் சட்டென்று இறங்கக்கூடாது. புது வீட்டில்தான் இது அதிகம் ஏமாற்றும். காங்கிரீட் போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஆள் இறங்குவார். உள்ளே இருப்பது மழைத் தண்ணீரும் பலகையும்தான், கழிவு ஒரு துளிகூட இருக்காது. ஆனால் ஈரப் பலகை மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறங்கியவர் கத்தக்கூட நேரமில்லாமல் விழுவார். மேலே நிற்பவர் வழுக்கி விழுந்தார் என்று நினைத்துத் தூக்க இறங்குவார், அவரும் விழுவார். தமிழ்நாட்டில் இப்படி அண்ணன் தம்பியும் மேஸ்திரியும் சித்தாளும் ஒரே குழியில் போன செய்திகள் வருடந்தோறும் வருகின்றன. கிணறு தூர்வாரும் பழைய ஆட்கள் முதலில் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். அந்த எச்சரிக்கை சரியானதுதான், ஆனால் விளக்கு எரிவதாலேயே பாதுகாப்பு என்று ஆகிவிடாது. விஷவாயு இருந்தும் எரியலாம், தீப்பிடிக்கும் வாயு இருந்தால் விளக்கே ஆபத்து. எல்லா மூடிகளையும் திறந்து நன்றாகக் காற்று செலுத்திய பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்கத்தான் இறங்க வேண்டும். விழுந்துவிட்டால் மேலே இருப்பவர் இறங்காமல் கயிற்றால் இழுக்க வேண்டும், 101-க்கும் 108-க்கும் கூப்பிட வேண்டும். செப்டிக் டேங்க் என்றால் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரி வைத்து உறிஞ்சத்தான் வேண்டும்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். குளியலறையில் நிறைத்து வைத்த வாளியும் அதே அளவு ஆபத்துதான். தலைகுப்புற விழுந்த ஒரு வயதுக் குழந்தையால் தானாக நிமிர முடியாது, சத்தமும் வராது.

மின்சார ஆபத்திலும் உப்புத் தண்ணீருக்குப் பங்கு உண்டு. அதில் இருக்கும் சுண்ணாம்பு ஹீட்டரின் சுருளில் காரையாகப் படியும். காரை ஏற ஏறச் சுருள் அதிகமாகக் காய்ந்து, வெடித்து, மின்சாரம் தண்ணீரில் கசியும். அழுத்தம் கூடினால் திறக்கவேண்டிய பாதுகாப்பு வால்வையும் அதே காரை அடைத்துவிடும். போர் தண்ணீரில் ஓடும் ஹீட்டரை வருடம் ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வாளியில் போடும் ராடு என்றால், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபிறகே விரல் தண்ணீரில் படவேண்டும்.

"எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கு, ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்று பலர் நம்புகிறார்கள். விழாது. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். ஈரக் கையோடு மோட்டாரைத் தொட்டவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் மின்சாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. மோட்டாரும் ஹீட்டரும் அதன் வழியாகத்தான் போகவேண்டும், கூடவே எர்த் சரியாக இருக்கவேண்டும். அந்தப் பெட்டியில் டி என்று குறித்த சின்னப் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். வீடு இருட்டானால் சரியாக இருக்கிறது. இருட்டாகவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், அதுவரை மோட்டார் போடவேண்டாம்.